பத்தாயிரம் பேர் பகிர்ந்த ரொட்டி

ரொட்டியைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். இதைத் தெரிந்துகொள்ள யாரும் படித்துப் பட்டம் வாங்க வேண்டியதில்லை. இருபத்திரண்டு வருடமாக ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த கடைக்காரருக்கும் இது தெரியும். ஆனால் இதுவே ஒருநாள் தன் மேல் குற்றச்சாட்டாக வந்து விழும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

வீடியோ நாற்பது விநாடிதான். ஒரு நீல வாளி, அதில் முக்கால் பங்கு தண்ணீர். ஒரு கை வந்து ரொட்டியை உறையிலிருந்து எடுக்கிறது. உறையில் கடையின் பெயர் பளிச்சென்று தெரிகிறது. கை ரொட்டியைத் தண்ணீரில் விடுகிறது. ரொட்டி மிதக்கிறது. உடனே ஒரு பெண் குரல், வீட்டில் யாரோ தவறிப்போனதைச் சொல்வதுபோல, "பாருங்க மக்களே! நல்ல ரொட்டின்னா முழுகணும். இது மிதக்குது. ஏன்னா இதுல பாதி மாவு, பாதி மெத்தைப் பஞ்சு. இதையா உங்க குழந்தைகளுக்குக் குடுக்கப் போறீங்க?" என்கிறது.

முதல் தடவை பார்த்தபோது கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். கல்லாவில் உட்கார்ந்திருந்த மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். மனைவி சிரிக்கவில்லை.

"இதுல சிரிக்க என்ன இருக்கு? நம்ம கடைப் பேரு தெரியுது."

"மிதக்காம ரொட்டி என்ன நீச்சலா அடிக்கும்? பார்க்கிறவங்களுக்கு அது தெரியாதா?"

"தெரியும், தெரியும். உங்களுக்கு மனுஷங்களைப் பத்தி ரொம்பத்தான் தெரியும்."

அந்த வீட்டில் மனிதர்களைப் பற்றித் தெரிந்தவர் மனைவிதான் என்பது நான்கே நாளில் விளங்கிவிட்டது. பதினொரு வருடமாகத் தினமும் காலையில் ஒரு ரொட்டி வாங்கும் பக்கத்துத் தையற்கடை அம்மா வந்தார். ரொட்டியைக் கையில் எடுத்தார், அமுக்கினார், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு நம்பிக்கை இல்லாம இல்லைங்க. வீட்டுல சின்னஞ்சிறுசுங்க இருக்குல்ல" என்று சொல்லி, ஒரு தீப்பெட்டி மட்டும் வாங்கிக்கொண்டு போனார். அன்று மாலைக்குள் கடையில் ஒன்பது தீப்பெட்டிகள் விற்றிருந்தன. ரொட்டி இரண்டுதான் போயிருந்தது.

அதையும் பொறுத்துக்கொள்ளலாம். கடையின் உயிர் பள்ளிக்கூடத்தில் இருந்தது. எதிர்த்தெருப் பள்ளிக்குத் தினமும் முந்நூறு பன் போகும். அடுப்பை மூட்டுவதே அந்த முந்நூறை நம்பித்தான். அது நின்றால் அடுப்பை மூட்டுவதில் அர்த்தமில்லை, கடையைச் சாத்திவிட்டு வேறு யாரிடமாவது மாவு பிசையும் வேலைக்குப் போக வேண்டியதுதான். அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை போனில் கூப்பிட்டார்.

"உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்று அவர் அன்பாகத்தான் ஆரம்பித்தார். "ஆனா பெத்தவங்க கேட்கிறாங்க. மாசக் கடைசிக்குள்ள அது பொய்னு ஒரு பேப்பர் கொண்டு வந்துடுங்க. அரசாங்க முத்திரையோட. இல்லேன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

இப்படியொரு பேப்பர் கொடுப்பதற்கென்றே ஊரில் ஒரு அலுவலகம் இருந்தது. தகவல் தெளிவு இயக்ககம் என்று பெயர். பொய்ச் செய்தியிலிருந்து மக்களைக் காப்பாற்ற ஐந்து மாடியில் கட்டியிருந்தார்கள். வாசலிலேயே நான்கு பெரிய பலகைகள். 'நில்', 'யோசி', 'சரிபார்', 'பிறகு பகிர்'. நான்காவது பலகைக்குக் கீழே சின்ன எழுத்தில், 'இந்தப் பலகைகளை உடனே பத்து பேருக்குப் பகிரவும்' என்று எழுதியிருந்தது.

முதல் ஜன்னலில் இருந்த எழுத்தர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"என்ன விஷயம்?"

"என் கடை ரொட்டியில பஞ்சு இருக்குன்னு பொய்யா ஒரு வீடியோ சுத்துதுங்க."

"பொய்னு நீங்க சொல்லக் கூடாது. அதை நாங்கதான் சொல்லணும். சந்தேகத்துக்குரியதுன்னு சொல்லுங்க."

"சரிங்க. என் கடை ரொட்டியில சந்தேகத்துக்குரிய பஞ்சு இருக்குன்னு..."

"பஞ்சுக்குச் சந்தேகம் இல்லைங்க. தகவலுக்குத்தான் சந்தேகம்." எழுத்தர் வீடியோவின் விவரத்தைக் கம்ப்யூட்டரில் தட்டினார். எந்தத் தகவல் எத்தனை பேரிடம் போயிருக்கிறது என்று கணக்குச் சொல்லும் ஒரு ஏற்பாடு அங்கே இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் இரக்கம் படர்ந்தது. "ஆயிரத்து முந்நூத்தி நாப்பதுதான். ரொம்பச் சின்னதுங்க."

"எது சின்னது?"

"உங்க வதந்திதான். சரியாச் சொன்னா இது இன்னும் வதந்தியே ஆகல. ஆயிரம் பேர் சொன்னா பேச்சு. அஞ்சாயிரம் பேர் சொன்னா வம்பு. பத்தாயிரம் தாண்டினாத்தான் வதந்தி. வதந்தியைத்தான் நாங்க விசாரிக்க முடியும். பேச்சுல கை வெச்சா, பேச்சுரிமையில தலையிட்டாங்கன்னு எங்க மேலயே கேஸ் வந்துடும்."

"பத்தாயிரம் ஆகறதுக்குள்ள என் கடை போயிடுமேங்க."

"கவலைப்படாதீங்க" என்றார் எழுத்தர், கட்டிலில் கிடக்கும் நோயாளியிடம் பேசுவதுபோல. "நல்ல சுவாரசியமான விஷயம். தானா பரவும்."

கடைக்காரர் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது அங்கே அவருடைய மச்சானும் இருந்தார். மனைவியின் தம்பி. லிஃப்ட் இயக்கும் வேலை. நூற்றுப் பதினெட்டு வாட்ஸப் குரூப்பில் உறுப்பினர். மேலே போகும்போது பத்து செய்தி அனுப்புவார், கீழே வரும்போது பத்து செய்தி அனுப்புவார். அதனால் சொந்தக்காரர்கள் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. குரூப் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பத்தாயிரம்தானே மாமா? இதுக்கா இப்படி இடிஞ்சு போய் உட்கார்ந்திருக்கீங்க?" என்றார் குரூப். "என்கிட்ட விடுங்க."

"என்னடா சொல்ற?"

"நாமளே பரப்பிடுவோம். பத்தாயிரம் ஆச்சுன்னா ஆபீஸ்ல எடுத்துக்குவாங்க, பொய்னு முத்திரை குத்திக் குடுப்பாங்க, பள்ளிக்கூடத்துல காட்டுவோம். முடிஞ்சுது."

மனைவி எழுந்து நின்றுவிட்டார். "என் கடையைப் பத்தி நானே ஊரெல்லாம் சொல்லணுமா? உனக்கு மூளை கீளை இருக்கா?"

கடைக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பினார். காலண்டரைப் பார்த்தார். மாதக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. விதியே என்று தலையாட்டினார்.

குரூப் வீடியோவை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். தொழில் தெரிந்தவருக்கு அரைகுறை வேலையைப் பார்த்தால் வருமே, அந்த வருத்தம். "தப்பா நினைச்சுக்காதீங்க மாமா, இதுல சரக்கே இல்ல. பாதிக்கப்பட்டவங்கன்னு ஒருத்தர்கூட இல்ல. ஆஸ்பத்திரியில ஒரு ஆளைப் படுக்க வெச்சாத்தான் ஓடும்."

"என் ரொட்டியைத் தின்னு எவன்டா ஆஸ்பத்திரிக்குப் போனான்?" என்று கடைக்காரர் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார்.

"சும்மா ஒரு பேச்சுக்கு மாமா."

"பேச்சுக்குக்கூட வேணாம்."

"சரி, வாந்தி?"

"நாக்கை அடக்கு."

"லேசா வயித்து வலி?"

அரைமணி நேரம் பேரம் நடந்தது. இருபத்திரண்டு வருடம் சுத்தமாக ரொட்டி சுட்டவர் தன் ரொட்டிக்கு வயிற்று வலியை ஒப்புக்கொள்வாரா? கடைசியில் இருவரும் விக்கலில் சமாதானமானார்கள். விக்கல் யாருக்கும் வரும், மானக்கேடு இல்லை. குரூப் வீடியோவோடு சேர்த்து அனுப்ப ஒரு வாசகம் எழுதினார்: 'அவசரம்! இந்த ரொட்டியைச் சாப்பிட்ட ஒருவருக்கு மூன்று நாளாக விக்கல் நிற்கவில்லை! டாக்டர்கள் திகைப்பு! குடும்பத்தின் மேல் பாசம் உள்ளவர்கள் மட்டும் பத்து பேருக்கு அனுப்பவும்.'

முதலில் அனுப்ப வேண்டியவர் கடைக்காரர்தான் என்று குரூப் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடைக்காரர் தன் பெரியப்பா மகனைத் தேர்ந்தெடுத்தார். சொந்தப் பிள்ளையைத் திருடன் என்று போலீசில் எழுதிக் கொடுப்பது மாதிரி இருந்தது அவருக்கு. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். அரை நிமிடத்தில் பெரியப்பா மகனிடமிருந்து பதில் வந்தது: 'தெரியும். நேத்தே நான் நாலு குரூப்புல போட்டுட்டேன்.'

விக்கல் சேர்ந்த பிறகு வீடியோவுக்குக் கால் முளைத்தது. இரண்டே நாளில் நாலாயிரம், நாலாம் நாள் ஆறாயிரம். அங்கேயே நின்றுவிட்டது. மூன்று பேரும் இயக்ககத்தின் கணக்கைப் போனில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை எட்டத்திலேயே இருந்த மனைவி சட்டென்று குரூப்பின் கையிலிருந்த தன் போனைப் பிடுங்கினார். "உங்களுக்கெல்லாம் ஒரு வேலை உருப்படியாச் செய்யத் தெரியாது" என்று சொல்லி, தன்னுடன் எட்டாம் வகுப்பு படித்த தோழிகளின் குரூப்பில் அதைப் போட்டார். ஒரு தோழி உடனே பதறிப்போய், 'ஏய், இது உன் கடைதானே?' என்று கேட்டாள். மனைவி, 'ஆமாம்டி. தயவு செஞ்சு எல்லாருக்கும் அனுப்பு' என்று பதில் போட்டார்.

ஒன்பதாம் நாள் பிற்பகல் கணக்கு பத்தாயிரத்தைத் தாண்டியது. குரூப் மாமாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கடையில இருக்கறவங்க எல்லாருக்கும் ஆளுக்கொரு பன் குடு, சும்மாவே குடு!" என்றார். மனைவி திரும்பிப் பார்த்தார். கடையில் யாரும் இல்லை. இரண்டு நாளாகவே யாரும் வருவதில்லை.

மறுநாள் காலையில் கடைக்காரர் தலை நிமிர்ந்து முதல் ஜன்னலுக்குப் போனார். எழுத்தர் கணக்கைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "பதினோராயிரம்! பரவாயில்லையே. நல்லா வளர்ந்துடுச்சு." புதிய ஃபைல் ஒன்றை எடுத்தார். "சரி, உங்க சான்றிதழைக் குடுங்க."

"என்ன சான்றிதழ்?"

"தகவலறிந்த குடிமகன் சான்றிதழ். தகவல் அறியாத ஆள் குடுக்குற புகாரை நாங்க எப்படி நம்பறது? மூணு நாள் பயிற்சி. இரண்டாவது மாடி. இன்னிக்கே ஆரம்பிக்குது, உங்க நல்ல நேரம்."

மாதக் கடைசிக்கு இன்னும் மூன்றே நாள். கடைக்காரர் மாடிப்படியை ஓடி ஏறினார். பயிற்சி அறைக்கு வெளியே எல்லாருடைய போனையும் வாங்கி ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். உள்ளே, வருகையைப் பதிவு செய்ய, அவரவர் போனுக்கு வந்திருக்கும் ஆறு இலக்க எண்ணைச் சொல்லச் சொன்னார்கள். போன் பெட்டியில் இருக்கிறதே என்று ஒருவர் சொன்னதற்கு, பெட்டியின் சாவி இடைவேளையில்தான் கிடைக்கும் என்றார்கள். முதல் நாளின் பாதி அதிலேயே போயிற்று.

அவருடன் படித்தவர்களில் இரண்டு பேர் முக்கியமானவர்கள். ஒருவர் டாக்சி ஓட்டுநர், தவறான வழி காட்டிய மேப்பைப் பற்றிப் புகார் கொடுக்க வந்தவர். இன்னொருவர் வயதான ஒரு அம்மா. மகள் வெளியூரிலிருந்து கூப்பிட்டால் போனில் மணி அடிப்பதே இல்லை, இங்கே தொழில்நுட்பம் சொல்லித் தருகிறார்கள் என்று யாரோ சொல்லி வந்திருந்தார்.

பயிற்சி நடத்தியவர் மிடுக்கான ஒரு பெண்மணி. அவர் வாயைத் திறந்ததுமே, இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று கடைக்காரருக்குத் தோன்றியது.

"தகவலறிந்த குடிமகன் எதையும் அப்படியே நம்ப மாட்டான். கேள்வி கேட்பான்" என்றார் பயிற்சியாளர்.

"என்ன கேள்வி கேட்கணும் மேடம்?" என்றார் டாக்சி ஓட்டுநர்.

"பாடத்துக்கு நடுவுல கேள்வி கேட்கக் கூடாது."

மணி அடிக்காத போனின் அம்மா மெல்லக் கையைத் தூக்கினார். தன் குறையைச் சொன்னார். பயிற்சியாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது தொழில்நுட்பம் அம்மா. நாம இங்க படிக்கறது தொழில்நுட்ப எழுத்தறிவு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது" என்றார். இரண்டாம் நாள் இடைவேளையில் கடைக்காரர் அந்தப் போனை வாங்கிப் பார்த்து, பக்கவாட்டில் இருந்த சின்னப் பொத்தானை மேலே தள்ளினார். உடனே அது மணி அடித்தது. மகள்தான். அந்த மூன்று நாளில் அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கு ஒரு காரியம் நடந்தது என்றால் அது இதுதான்.

மூன்றாம் நாள், நான்காம் பாடம். விளக்கை அணைத்தார்கள். திரையில் ஒரு நீல வாளி வந்தது.

கடைக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். அந்த வாளியை அவர் இந்த மூன்று நாளும் பார்த்துக்கொண்டிருக்கிறார். தாழ்வாரத்தில் ஏசி ஒழுகும் இடத்தில் வைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டில் அலுவலக எண்கூட எழுதியிருக்கிறது. திரையில் கை வந்தது, ரொட்டி வந்தது, ரொட்டி மிதந்தது. "பாருங்க மக்களே!" என்று குரல் வந்தது. திரைக்குப் பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் உதட்டை அசைத்து அதே வசனத்தைக் கூடவே சொல்லிக்கொண்டிருந்தார்.

"இது ஒரு மாதிரிப் பொய்" என்றார் விளக்கைப் போட்டுவிட்டு. "பொய்ச் செய்தி எப்படி இருக்கும்னு மக்களுக்குக் காட்ட நம்ம இயக்ககமே சொந்தமாத் தயாரிச்சது. ரெண்டு விருது வாங்கியிருக்கு. குரல் அடியேன்."

கடைக்காரர் எழுந்து நின்றார். "அது என் கடை ரொட்டிங்க."

"அருமை! மூலத்தைக் கண்டுபிடிச்சுட்டீங்க. எல்லாரும் கைதட்டுங்க." கைதட்டினார்கள். "உங்களுக்கு அஞ்சு மதிப்பெண்."

"என் கடையை ஏன் போட்டீங்க?"

"படம் எடுத்த அன்னிக்கு டீ நேரத்துல மேஜை மேல அதுதான் இருந்தது. அப்போ எங்க ஆபீஸ்ல எல்லாரும் உங்க கடை ரொட்டிதான் சாப்பிடுவாங்க. ரொம்ப நல்லா இருக்கும்." பயிற்சியாளர் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். "இப்போ எல்லாரும் எழுதிக்குங்க. செய்முறைப் பயிற்சி. இந்த வீடியோவை ஆளுக்குப் பத்து பேருக்கு அனுப்பணும். எத்தனை பேர் நம்பறாங்கன்னு எண்ணி எழுதித் தரணும்."

அப்போதுதான் கடைக்காரருக்குப் புரிந்தது. இதுவரை பயிற்சிக்கு வந்த ஒவ்வொரு குழுவும் இப்படித்தான் அனுப்பியிருக்கிறது. "எண்ணினதுக்கு அப்புறம், அது பொய்னு அந்தப் பத்து பேர்கிட்டயும் சொல்லணும் இல்லையா?" என்று டாக்சி ஓட்டுநர் கேட்டார்.

"அது இரண்டாம் நிலைப் பயிற்சி. அதுக்கு இன்னும் பாடத்திட்டம் வரல."

தகவலறிந்த குடிமகன் ஆக வேண்டுமானால் செய்முறைப் பயிற்சியை முடித்தாக வேண்டும். பெட்டியைத் திறந்து போனைக் கொடுத்தார்கள். கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு தன் கடையை இன்னும் பத்து பேருக்கு அனுப்பினார். 'நம்பியவர்கள் எத்தனை பேர்?' என்ற கட்டத்தில் பத்து என்று எழுதினார். முழு மதிப்பெண் கிடைத்தது.

சான்றிதழோடு அவரை ஐந்தாம் மாடிக்கு அனுப்பினார்கள். இயக்குநர் அறையில் சுவர் முழுக்கத் திரைகள். எல்லாவற்றிலும் இயக்குநரே பேசிக்கொண்டிருந்தார், சத்தம் மட்டும் இல்லை. நேரில் இருந்த இயக்குநர் எழுந்து கைகுலுக்கினார்.

"வாங்க, வாங்க. இனிமே நீங்க தகவலறிந்த குடிமகன். எப்படி உணர்றீங்க?"

"ஐயா, அந்த வீடியோ பொய்னு ஒரு பேப்பர் குடுத்தீங்கன்னா போதும். நாளைக்குப் பள்ளிக்கூடத்துல காட்டணும்."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்து விரல்களைக் கோத்துக்கொண்டார். "அதுலதான் ஒரு சிக்கல். பொய்னு நான் எழுதிக் குடுத்தா, அந்தப் பொய்யைச் சொன்னது யாருன்னு கேட்பாங்க. நாங்கன்னு தெரிஞ்சுடும். பொய்யை ஒழிக்கிற ஆபீஸே பொய் சொல்லுச்சுன்னா மக்கள் அப்புறம் யாரைத்தான் நம்புவாங்க? மக்கள் எங்களை நம்பணும். நம்பினாத்தானே எதையும் நம்பாதீங்கன்னு நாங்க சொல்றதைக் கேட்பாங்க?"

"அப்போ என் கதி?"

"அவசரப்படாதீங்க. இத்தனை பெரிய ஆபீஸ், வழி இல்லாமலா போகும்?" மேஜையில் மூன்று முத்திரைகள் இருந்தன. உண்மை, பொய், பாதி உண்மை. இயக்குநர் மூன்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார். பிறகு இழுப்பறையிலிருந்து நான்காவதாக ஒன்றை எடுத்தார். மையில் தொட்டு, பேப்பரில் ஓங்கிக் குத்தினார். 'அங்கீகரிக்கப்பட்ட பாடப்பொருள்.'

"இதுதான் சரியான நிலைமை. இதுல யாரும் குறை சொல்ல முடியாது" என்றார் திருப்தியாக.

அந்த நேரம் டீ வந்தது. கூடவே ஒரு தட்டில் ரொட்டித் துண்டுகள். கடைக்காரருக்கு ரொட்டியைப் பார்த்தாலே அடுப்பு தெரியும். அது ஆற்றுக்கு அந்தப்பக்கத்துக் கடையின் ரொட்டி. வேக்காடு போதாமல் நடுவில் ஈரம் தங்கியிருந்தது.

"ஐயா, அந்தப் பஞ்சுக் கதையை எழுதினது யாரு?"

"நானேதான்" என்றார் இயக்குநர் கூச்சத்தோடு. "எழுந்திரிக்காம ஒரே மூச்சுல எழுதினேன்."

"அப்போ என் ரொட்டியில பஞ்சு இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

"பின்னே ஏன் நீங்க கடையை மாத்திட்டீங்க?"

இயக்குநர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். மேஜைக்கு மேலாகக் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "மனசுல வெச்சுக்காதீங்க. எழுதினது நான்தான், ஒத்துக்கறேன். ஆனா பதினோராயிரம் பேர் பகிர்ந்திருக்காங்க. ஒண்ணுமில்லாமலா இத்தனை பேர் சொல்லுவாங்க? யாருக்கோ மூணு நாளா விக்கல் நிக்கலையாமே. அதை நான் எழுதலையே!"

கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "ஐயா, விக்கல் நாங்க எழுதினது. நானும் என் மச்சானும். வீட்டுல உட்கார்ந்து எழுதினோம்."

இயக்குநர் அவரை ஆதரவாகப் பார்த்துச் சிரித்தார். "கடையைக் காப்பாத்த எதை வேணா சொல்லத் தோணும், எனக்குப் புரியுது. ஆனா ஆதாரம் வேணும் இல்லையா? மூணு நாளா இதைத்தானே படிச்சீங்க?"

மறுநாள், மாதத்தின் கடைசி நாள், தலைமை ஆசிரியை அந்தப் பேப்பரை இரண்டு முறை படித்தார். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். நடந்தது எல்லாவற்றையும் கடைக்காரர் ஒன்று விடாமல் சொன்னார். வாளி, ஏசி, விக்கல், எல்லாம். அவருக்கே அது நம்பக்கூடிய கதையாகத் தெரியவில்லை.

"அங்கீகரிக்கப்பட்ட பாடப்பொருள்னு போட்டிருக்காங்களே" என்றார் தலைமை ஆசிரியை சங்கடத்தோடு. "அப்படின்னா நாங்க இதைப் பிள்ளைங்களுக்குப் போட்டுக் காட்டியே ஆகணும். அதுதான் விதி. காலையில வகுப்புல இதைக் காட்டிட்டு, இடைவேளையில அதே கடைப் பன்னை எப்படிங்க குடுக்கறது? நீங்களே சொல்லுங்க."

கடைக்காரர் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவருக்கு அழுகை வந்தது. பள்ளி வாசலைத் தாண்டும் வரை அடக்கிக்கொண்டார், தாண்டியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைக்கு நடந்தார்.

மனைவி அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். பொழுது சாயும் நேரம். கல்லாவை மூடிவிட்டு உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தார். காலையில் சுட்டு, விற்காமல் கிடந்த ரொட்டி ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்தார். இருவரும் மாவு பிசையும் மேஜையின் முன்னால் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அடுப்பு ஆறிக்கொண்டிருந்தது. நாளைக்கு அதை மூட்டப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

கடைக்காரர் ரொட்டியை எடுத்தார். பாதியாகப் பிய்த்தார். வாய்க்குக் கொண்டுபோகாமல் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கி, பிய்த்த இடத்தை ஓரம் முதல் ஓரம் வரை பார்த்தார். கட்டைவிரலால் மெதுவாக அமுக்கியும் பார்த்தார். பிறகுதான் மனைவி தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தார். வெட்கத்தில் ரொட்டியைத் தட்டிலேயே போட்டுவிட்டார்.

"சும்மா... கையில எடுத்தேன், அவ்வளவுதான்" என்றார் அசடு வழிய.

மனைவி டீயை ஒரு வாய் குடித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நானும் காலையில ரெண்டைப் பிச்சுப் பார்த்தேன்."